கயானாப் பிரயாணம்

உப்பளத்துத் துறைமுகத்தைக் காணுந்தோறும் பழைய துயரம் ஒன்று நமது நினைவுக்கு வருகிறது. 1855 முதல் சுமார் இருபதாண்டுகளில், புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து 8,000க்கு மேற்பட்ட இந்தியக் கூலியாட்கள் தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவுக்கு ஏற்றப்பட்டனர். காடும் ஜுரமும் அவர்களில் பலரை விழுங்கின. சாவு மிகுந்ததனால் 1876-ல் ஆங்கில சர்க்கார் அந்த ஆட்சேர்ப்பைத் தடுத்தது.

இன்று அங்கே செல்ல விரும்பும் நம்மவர், அறியாமல் போனோம் என்று சொல்வதற்கு இடமில்லை. மஞ்சட்காய்ச்சலைத் தடுக்கும் ஊசி கட்டாயம். அது பலிக்கப் பத்து நாளாகும். ஆகையால் கடைசி வாரத்தில் ஊசி தேடி அலைவதில் பயனில்லை. அத்தாட்சியின்றித் திரும்புவோரை நமது நாட்டிலும் ஆறு நாள் வரை தனித்து வைப்பார்கள். இந்தியப் பிரஜைகள் பாரிஸுக்கென்று பெறும் ஷெங்கன் விசா காயேன் நகரில் செல்லாது. தனி அனுமதி வேண்டும். உள்நாட்டு ஆற்றோரங்களில் மலேரியா உண்டு. கொசுவலையும் வைத்தியர் ஆலோசனையும் அவசியம்.

இன்னொன்றையும் வற்புறுத்துகிறோம். பூர்வகுடிகள் வாழும் தென்பகுதிக் காடுகளில் அதிகாரிகளின் உத்தரவின்றி நுழையலாகாது. பிறர் மண்ணில் கேளாமல் புகுவோரால் விளையும் தீங்கை நம்மைவிட அறிந்தவர் யார்? அவ்விதியை மதிப்பதே நமக்கு மரியாதை.

அன்று நம்மவர் ஏற்றப்பட்டனர்; இன்று செல்வோர் அறிந்து, ஆயத்தமாகிப் புறப்படுவார்களாக!