ஏழும் பத்தும்

மலைநாடு: வழக்கமும் சட்டமும் – 9

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தை நாம் வழக்கமாக ஒரே கோணத்தில்தான் வாசிக்கிறோம். மலையகத் தமிழரை வெளியே தள்ள எழுதப்பட்ட சட்டம் அது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்ததோ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவுக்குத்தான். அந்தக் கொடுமையைப் போன வாரம் எழுதினேன். அதே சட்டத்தில் யாரும் நின்று பார்க்காத ஒரு விதி இருக்கிறது. இந்த வாரம் அதிலிருந்து தொடங்குகிறேன்.

விண்ணப்பிப்பவர் 1946 சனவரி 1க்கு முன்பு 10 ஆண்டுகள் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். கல்யாணமாகித் துணை உயிரோடு இருப்பவராயின் 7 ஆண்டுகள் போதும். கல்யாணம் ஆகாதவர், துணையைப் பறிகொடுத்தவர், பிரிந்தவர் எல்லோருக்கும் 10 ஆண்டுகள்.

அதாவது ஒரே மலையில், ஒரே நிறையில் கொழுந்து பறித்த இருவரில், தாலி கட்டியவரைவிட மூன்று ஆண்டுகள் கூடுதலாக உழைத்திருந்தால்தான் தனியாள் இந்த நாட்டுக்கு உரியவர். யாரோடும் குடும்பம் நடத்த விரும்பாத பெண்ணுக்கும், பெண்மீது நாட்டமே இல்லாத ஆணுக்கும் அரசு வைத்த விலை அந்த மூன்று ஆண்டுகள். அந்த விதியை எழுதியவர்கள் தன்பாலீர்ப்பை நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எனக்கு உறுத்துவதும் அதுதான். பகைத்துத் தண்டிக்காமலே ஒரு சட்டம் ஒருவரைக் குறைத்து எடைபோட முடிகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்த குடும்பமே முழு மனிதர் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? கண்டியில் இதற்குத் தடயம் கிடைக்கும். வேறு ஊர்களில் "ஆதிகாலம் தொட்டு" என்று சொல்லி முடித்துவிடலாம். இங்கே ஆண்டுக் கணக்கோடு ஏடு இருக்கிறது.

1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 வரை மலைநாட்டில் சிறையிருந்தவர் ராபர்ட் நொக்ஸ். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூல் இங்கே கண்ட குடும்பத்தை விவரிக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரே மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்வது வழக்கம். பிள்ளைகள் இருவரையுமே தகப்பன் என்று அழைப்பார்கள். காரணம் காமம் அல்ல, வயல். பங்கு பிரித்தால் எவருக்கும் போதாத வயலைப் பிரியாமல் வைத்திருக்கலாம். ஒருவர் இராஜகாரியத்துக்காக அரசன் வேலைக்குப் போனால், மற்றவர் வீட்டையும் விளைச்சலையும் பார்த்துக்கொள்ளலாம். கணவன் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழும் பின்ன முறையும் இருந்தது. மனைவி கணவன் வீட்டுக்குப் போகும் தீக முறையும் இருந்தது. ஒத்துவராவிட்டால் பிரிவதும் பெரிய காரியமாக இருக்கவில்லை.

இதைக் காட்டி, அக்காலக் கண்டியில் தன்பால் காதலுக்கு இடம் இருந்தது என்று சிலர் வாதிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்த குடும்பம்தான். நிலமும் வாரிசுமே அதற்கும் அடிப்படை. ஆனால் "இயற்கையான குடும்பம்" என்று இன்று மேடையேறிப் பேசப்படும் வடிவம் இந்த மலைகளின் இயற்கையாக இருந்ததில்லை என்பதை மறைக்க முடியாது. தேவைக்கேற்பக் குடும்பத்தின் உருவம் மாறியிருக்கிறது. மாற்றியவர்கள் மனிதர்கள்.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1832இல் இராஜகாரியம் ஒழிந்தது. 1859இல், ஹென்றி வோர்ட் ஆளுநராக இருந்தபோது, கண்டியர் கல்யாணத்துக்கென 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி மட்டுமே; அதுவும் பதிவாளர் முன் பதிந்தால்தான் கல்யாணம். வெள்ளைக்காரர் திணித்தது என்று இதை முழுவதும் அவர்கள் தலையில் போட்டுவிட முடியாது. கண்டிப் பிரதானிகளே இதைக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். ஆள்பவரின் கண்ணில் கண்ணியமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை மேட்டுக்குடியினருக்கு எப்போதும் உண்டு. கிராமத்தார் பழைய வழக்கப்படியே வாழ்ந்தார்கள். பதியாத வீடுகளில் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் முன் தகப்பன் இல்லாதவர்களானார்கள். சிக்கல் முற்றி, 1870இல் புதிய கட்டளைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

மலைச்சரிவில் எங்கள் ஆட்களின் கதை வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள். அறுவடை முடிந்தால் ஊர் திரும்பினார்கள். 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். நாளைய தொழிலாளரைப் பெற்று வளர்க்கவும் பெண்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக ஆள் கட்டி வந்தார் கங்காணி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிரா குடும்பக் கணக்கில் கொடுக்கப்பட்டது. தனியாளுக்கென்று ஓர் அறை அந்தக் கணக்கில் இல்லை. "கலியாணம் கட்டினாத்தான் காம்பிரா" என்ற நினைப்பு சாமி சொல்லி வந்ததல்ல, துரையின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது.

பின்னால் அந்தக் கணக்கையே நாம் பண்பாடு என்று நம்பினோம். பெண்களை ஏறெடுத்துப் பார்க்காத பையனுக்கு "கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்கிறோம். போட்டுவிடுகிறோம். சரியாவதில்லை. பாழாவது இரண்டு வாழ்க்கை; அதில் ஒன்று, எதுவும் அறியாமல் கழுத்தை நீட்டிய பெண்ணுடையது. இதைப் பற்றி நாம் போதிய அளவு வெட்கப்படவில்லை.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுபவர் வழக்கமாக ஆண். சேலை உடுத்தி, விரதம் இருந்து ஆடும் அவரை அம்மனாகவே பார்த்துக் கைகூப்புகிறோம். அதே லயத்தில் நளினமாக நடக்கும் சிறுவனுக்குப் பட்டப்பெயர் வைத்து அழவிடுகிறோம். கூத்து வேறு, வாழ்க்கை வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கும்பிட்ட கைகள் ஒன்றுதானே என்பதே என் கேள்வி.

இந்த ஏளனத்துக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. "இயற்கைக்கு மாறான" உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவு, இந்தியாவின் 377ஆம் பிரிவைப் போலவே காலனி அரசு எழுதியது. இங்கிலாந்து 1967இலேயே தன் நாட்டில் இந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2018 செப்டெம்பர் 6இல் அந்தத் தடையைத் தளர்த்தித் தீர்ப்பளித்தது. நாமோ 1995இல் சட்டத்தைத் திருத்தி அதன் வலையை இன்னும் அகலமாக்கினோம். 365அ பிரிவில் "ஆண்" என்று இருந்த இடத்தில் "ஆள்" என்று போட்டு, அதுவரை வெளியே இருந்த பெண்களையும் உள்ளே இழுத்தோம். சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் செய்த வேலை இது. இந்தத் தடை பெண்ணின் உரிமையை மீறுகிறது என்று, ரொசான்னா ஃபிளேமர்-கல்தேரா கொண்டுசென்ற முறைப்பாட்டில் ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான குழு 2022இல் சொன்னது.

2023 மே மாதம் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. இந்தப் பிரிவுகளைத் திருத்தப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை.

நாளை அப்படியொரு சட்டமூலம் நிறைவேறினாலும் பாதி வேலைதான் முடியும். கண்டி நகரின் ஒரே தெருவில் மூன்று கல்யாணச் சட்டங்கள் நடக்கின்றன. கண்டியச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம், முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம், தமிழருக்குப் பொதுச் சட்டம். ஒன்றில் இருவரும் சம்மதித்தாலே விவாகரத்து. இன்னொன்றில் நான்கு மனைவியர் வரை. மற்றதில் குற்றம் நிரூபித்தால்தான் பிரிவு. இவ்வளவு முரண்படும் மூன்றும் ஆணும் பெண்ணும் என்ற இடத்தில் மட்டும் கைகோர்த்து நிற்கின்றன. சேர்ந்து வாழும் இரு பெண்களில் ஒருத்தி இறந்தால், வீடும் சேமலாப நிதியும் யாருக்கு என்ற கேள்விக்கு இம்மூன்றிலும் பதில் இல்லை. லயத்துக்குப் பதிலாகக் கட்டித்தரும் தனிவீடும் காணியும் இன்றும் குடும்பத்துக்கு ஒன்று என்றே பங்கிடப்படுகின்றன. அந்தக் காணி உறுதியில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.