பழந்துணி வாணிகமும் முதுமைப் பருவமும்

பழந்துணி என்ற மாத்திரத்தில் முகஞ் சுளிப்பது நம்மிற் பலர்க்கு இயல்பாயிருக்கின்றது. பிறர் உடுத்துக் கழித்ததனை விலைகொடுத்து வாங்குதல் இழிவென்றும், அதனை விற்றுப் பிழைத்தல் அதனினும் இழிவென்றும் எண்ணுகின்றோம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற நம் முன்னோரோ கந்தையை இகழ்ந்தாரல்லர், கசக்காமையையே இகழ்ந்தனர். ஆதலின், வயது முதிர்ந்த பின்னரும் ஒருவர் தம் கண்ணறிவும் கைத்திறனுமே முதலாகக் கொண்டு நடத்தத்தக்க இத்தொழிலின் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆமதாபாத்து நகரில், வாக்ரி என வழங்கப்பெறுவோரும் தம்மைத் தேவிபூஜகர் என்று அழைத்துக்கொள்வோருமாகிய வகுப்பினரின் மகளிர், தலைமுறை தலைமுறையாக இவ்வாணிகத்தை நடத்தி வருகின்றனர். புதிய பாத்திரங்களைக் கூடையிற் சுமந்து வீடுதோறுஞ் சென்று, பழந்துணிகளைப் பெற்று, அவற்றிற்கு ஈடாகப் பாத்திரங் கொடுப்பர். நம் ஊர்த் தெருக்களிலும் இப்பண்டமாற்றைக் கண்டிருக்கின்றோம். பின்னர் அத்துணிகளைத் துவைத்து, கிழிசல் தைத்து, இஸ்திரி போட்டுச் சந்தையில் விற்பர். தில்லி ரகுவீர் நகரில் பழந்துணிக்கென்றே விடியுமுன் கூடுஞ் சந்தையொன்றும் உண்டு.

இத்தொழிலின் உயிர்நிலை துணியைத் தெரிந்தெடுத்தலே. வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் இழை நைந்த இடம் புலப்படும். கழுத்துப்பட்டி, அக்குள், தையல்வாய் ஆகியவற்றை நோக்கின் துணியின் ஆயுள் விளங்கும். அவ்வாறே விற்கத்தக்கன, தைத்து விற்கத்தக்கன, துடைக்கவே உதவுவன என மூவகையாகப் பிரித்தல் வேண்டும். இவ்வறிவு ஆண்டுகள் செல்லச் செல்ல வளருமேயன்றிக் குறையாது. முதியோர்க்கு இத்தொழில் ஏற்றதென்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயினும் இடர் இல்லாமலில்லை. ஒரு கணக்கை உதாரணமாகக் கொள்வோம். 200 ரூபாய்ப் பாத்திரத்திற்கு ஐந்து துணிகள் கிடைத்தன. இரண்டு சேலைகள் 180 ரூபாய்க்கும், இரண்டு சட்டைகள் 100 ரூபாய்க்கும், கிழிந்த ஒன்று 5 ரூபாய்க்கும் விலைபோயின. மொத்த வரவு 285. சவுக்காரம், நூல், வண்டிச்சத்தம் ஆகியவற்றிற்கு 40 போக, மிச்சம் 45. பாத்திரம் வாங்கிய 200 ரூபாய் நாளொன்றுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்கிய கடனாயின், முதல் நாளே விற்றால் 25 ரூபாய் மிஞ்சும். மறுநாள் விற்றால் 5 ரூபாய். மூன்றாம் நாள் விற்றால் 15 ரூபாய் நட்டம். உழைப்பிலும் துணியிலும் குறையில்லை. வட்டியே ஊதியத்தை விழுங்கிற்று.

இவ்வுண்மையை அப்பெண்கள் நன்குணர்ந்தனர். 1971-ஆம் ஆண்டில் அவர்கள், ஆமதாபாத்து நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவை நடத்திய இளா பட் அம்மையாரிடம் தங்கள் குறைகளை முறையிட்டனர். அவ்வாண்டு கூடிய கூட்டத்தில், தமக்கெனத் தனிச் சங்கம் வேண்டுமென்று பெண்ணொருத்தியே எழுந்து கூறினாள். முதலாளி இல்லாதார்க்குத் தொழிற்சங்கம் ஏது என்ற தடையையுங் கடந்து, 1972-இல் ‘சேவா’ என்னுஞ் சங்கம் பதிவாயிற்று. 1974-இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கிட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையும் நிறுவினர்.

இவ்வரலாற்றினின்று முதியோர் கொள்ளத்தக்க நெறிகள் சில உள. கடன் முதலைத் தவிர்த்துச் சிறு சேமிப்பைக்கொண்டு தொடங்குதல் முதலாவது. முதலையும் ஊதியத்தையும் வேறுவேறாக வைத்தல் இரண்டாவது. சுமந்து திரிதல் முதுமைக்கு இயலாதாதலின், இளையோர் துணி திரட்ட, மூத்தோர் அமர்ந்து பிரித்தலும் தைத்தலும் செய்தல் மூன்றாவது. குறையுள்ள துணியின் குறையை வாங்குவோர்க்கு மறையாது காட்டுதல் நான்காவது. சந்தைக்கு ஒருமுறை வந்தவர் மீண்டும் வருவது அந்நம்பிக்கையினாலேயே.

இத்தொழிலால் உலகிற்கும் நன்மை உண்டு. ஒரு பருத்திச் சட்டை உருவாவதற்குப் பருத்தி விளைவு முதலாக ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் செலவாகின்றதென்று கணக்கிட்டுள்ளனர். ஒரு சட்டை இன்னுஞ் சில ஆண்டு உடுக்கப்படுமாயின், அந்நீர் வீண்போகாது.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபொழுது, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையுங் காட்டி விதவைகள் அழுதனரென வேதத்தில் வாசிக்கின்றோம். அவற்றைப் புதுத்துணியில் தைத்தாளோ, பழந்துணியில் தைத்தாளோ, அங்குக் கூறப்படவில்லை. அவை மானங் காத்தன என்பதே பொருள். ஆகவே, ஆண்டிறுதியில் விடுதியை விட்டுப் புறப்படுங்கால் நாம் மூலையில் எறிந்து செல்லுஞ் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுப்போமாக. யாரோ ஒரு முதியவளின் அன்றைய கூலி அதில் அடங்கியிருக்கலாம். அவள் நம்மிடங் கேட்பது பிச்சையன்று, வாணிகமே.