பசவனகுடியும் கச்சானும்: ஒரு தலபுராண நோக்கு

சிவாலயத்துள் நுழையும் நாம் இடபதேவரை வணங்கி, அவர் பார்வை செல்லும் வழியே மூலவரைத் தரிசித்தல் வழக்கம். ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் வாழும் அன்பர்கள் நன்கறிந்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிலும் இவ்வமைப்பையே காணலாம். இடபம் இறைவனின் ஊர்தி. சந்நிதியில் அமர்ந்து வழிபடும் அடியார். அதுவே மூலவராக அமர்தல் அரிது. அவ்வரிய நிலையைப் பெங்களூரின் தென்பகுதியிலுள்ள பசவனகுடிக் கோயிலிற் காண்கிறோம்.

'பசவ' என்பது 'விருஷப' என்னும் வடசொல்லின் கன்னடத் திரிபு. அதனைத் தமிழில் 'இடபம்' என்பர். 'குடி' என்பது கன்னடத்திற் கோயிலைக் குறிக்கும். தமிழில் இல்லத்தைக் குறிக்கும் 'குடி' என்னும் சொல்லுக்கு அஃது இனமானது. 1537ஆம் ஆண்டிற் பெங்களூர்க் கோட்டையை அமைத்தவரும் விசயநகரப் பேரரசுக்கு அடங்கிய தலைவருமான கெம்பே கவுடர் இக்கோயிலை எடுப்பித்தார் என்பது மரபு. கருவறையில், ஒரே கல்லிற் செதுக்கப்பட்ட இடபம் ஏறத்தாழ 15 அடி உயரமும் 20 அடி நீளமும் உடையதாய், கால்மடித்து அமர்ந்துள்ளது. இடபத்திற்கு இத்துணை ஏற்றம் தரும் மனப்பாங்கு கன்னட நாட்டிற்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரசைவப் பெரியார் பசவரை நந்தியின் அவதாரமாகவே அவர்தம் அடியார் போற்றுவர்.

இக்கோயிலின் தோற்றம் பற்றி வழங்கும் கதை வருமாறு: இப்பகுதி உழவர் பயிரிட்ட நிலக்கடலையை ஓர் எருது நாள்தோறும் மேய்ந்து அழித்தது. சினங்கொண்ட உழவன் ஒருவன் அதனை அடித்தான். எருது அவ்விடத்திலேயே கல்லாயிற்று, கல்லும் வளரலாயிற்று. அஞ்சிய உழவர் சிவபிரானை வேண்டி, அதன் தலையிற் சூலம் பதிக்க, வளர்ச்சி நின்றது. இன்றும் கார்த்திகை மாத இறுதித் திங்கட்கிழமையை ஒட்டி 'கடலெக்காய் பரிஷெ' எனும் நிலக்கடலைத் திருவிழா இங்கு நடைபெறுகின்றது. உழவர் தம் புதுவிளைச்சலை இடபத்திற்குப் படைப்பர்.

இக்கதையில் வரும் நிலக்கடலை ஆய்வாளர்க்கு ஒரு காலக்குறிப்பாகும். நம் கோயில் வீதிகளிற் 'கச்சான்' என விற்கப்படும் இப்பயிர் தென்னமெரிக்காவைத் தாயகமாக உடையது. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே அது நம் பக்கம் வந்தது. தமிழகத்தில் அதற்கு வழங்கும் 'மணிலாக் கொட்டை' என்னும் பெயரே அதன் அயன்மையைக் காட்டும். கன்னடத்திலும் பழைய கடலையின் பெயரோடு 'காய்' சேர்த்தே அதற்குப் பெயரிட்டனர். தென்னிந்தியாவில் அது பெருமளவிற் பயிராகியது 19ஆம் நூற்றாண்டிலாகும். எனவே, இக்கதை இன்றைய வடிவில் கெம்பே கவுடர் காலத்திலேயே வழங்கியிருக்கும் எனக் கொள்ளுதல் அரிது. கோயிலின் தோற்றத்தை விளக்கும் கதை கோயிலுக்கு இளையது என்பதே எமது துணிபு.

அங்ஙனமாயின் கதை பயனற்றதோ? அன்று. மன்னரும் தலைவரும் கோயில் எடுப்பித்ததை மரபு உரைக்கின்றது. அக்கோயிலை உழவர் தமதாக்கிக்கொண்டதைக் கதை உரைக்கின்றது. உழவனுக்கு எருது துணைவன். பயிரை மேயும்போது பகைவனும் அதுவே. அடித்த கையே பின்னர் படையலிடுகின்றது. தன்னோடு உழைக்கும் உயிருக்குத் தான் இழைத்த தீங்கை எண்ணி வருந்தும் உள்ளத்தை இதிற் காண்கிறோம். புதிய பயிர் வந்தபோது அவ்வுணர்வு அப்பயிரின் பெயரால் மீண்டும் உரைக்கப்பட்டது போலும்.

ஈழத்துக் கோயில்களின் தொன்மையை ஆராய்வோர்க்கும் இது பாடமாகும். தலபுராணத்தை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ளின், ஒரு கடலைமணியே நம் வாதத்தைக் கவிழ்த்துவிடும். அதனைக் கட்டுக்கதையென ஒதுக்கின், கோயிலைப் பேணிய மக்களின் குரலை இழப்போம். கல்வெட்டையும் கட்டடத்தையும் கொண்டு காலத்தை நிறுவுவோம். கதையைக் கொண்டு மக்கள் மனத்தை அறிவோம். இவ்விரண்டையும் மயங்கவிடாது காப்பதே நம் கோயில்களுக்கு நாம் செய்யத்தக்க தொண்டாகும்.