முற்றத்துக் குளம் – 7: மிதக்கும் செடிக்கு ஒரு வேலி

சென்ற வாரம் தொட்டித் தண்ணீரைப் பழக்கி மீன்களை விட்டோம். இந்த வாரம் அந்தத் தண்ணீருக்குச் செடியால் ஒரு கூரை போடுவோம்.

என் கொல்லையில் இருப்பது எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டி. முதல் கோடையில், சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பத்துப் பிஸ்டியா செடிகள் வாங்கி வந்து மிதக்கவிட்டேன். பச்சை ரோஜாக்களைப் போல விரிந்திருந்தன. மூன்றாம் நாள் காலையில் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிய வேர்க்குஞ்சம் முழுக்க மொட்டை. கோய் மீன்கள் இரவோடிரவாக மேய்ந்திருந்தன. வேர் போன பிறகு இலை மட்டும் எத்தனை நாள் தாங்கும்? வாரம் முடிவதற்குள் பத்தும் அழுகிவிட்டன.

அடுத்த ஆண்டு நடந்தது நேர்மாறு. பெரிய கோய்களை நண்பர் ஒருவரின் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, சின்னத் தங்கமீன்களை மட்டும் வைத்துக்கொண்டேன். இம்முறை ஐந்து வெங்காயத்தாமரைகள். தின்ன ஆளில்லாத செடி பக்கக்கன்று விட்டுக்கொண்டே போனது. இரண்டு மாதத்தில் தண்ணீரே கண்ணில் படவில்லை. ஊதாப் பூக்களைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். சித்திரை மாதத்து விடியற்காலை ஒன்றில், இலைகளின் இடுக்கில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே நின்றன. மூன்று செத்து மிதந்தன.

இந்த இரண்டு இழப்பும் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான். மீனிடமிருந்து செடியைக் காக்க வேண்டும். செடியிடமிருந்து மீனையும் காக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேலி போதும்.

அந்த விடியற்காலையில் என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். செடி பகலில் பிராணவாயுவை வெளியிடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் மிதக்கும் செடியின் இலை தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அது விடும் பிராணவாயுவில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தண்ணீருக்குள் இருக்கும் பாசிக்கோ, இலைக்கூரை வெயிலை மறைத்துவிடுகிறது. காற்று தண்ணீரைத் தொடும் பரப்பும் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய பிராணவாயுவே ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். இரவு முழுக்க மீனும் வேரும் அடியில் மட்கும் சருகும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. விடியும் நேரத்தில் மிச்சம் மிகக் குறைவு. அதனால் தொட்டிப் பரப்பில் பாதிக்கு மேல் செடி பரவக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நிழலுக்கும் போதும், தண்ணீர் தெளியவும் போதும்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். சித்த மருத்துவர்கள் ஆகாயத்தாமரை என்று சொல்வது பிஸ்டியாவை. ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்பதாக நாளிதழ்கள் எழுதும் ஆகாயத்தாமரை வேறு செடி. வெங்காயம் போலக் காம்பு உப்பியிருப்பதால் அதை வெங்காயத்தாமரை என்பார்கள். தாமிரபரணிக் கரையில் அமலைச்செடி. நான் இப்போது வளர்ப்பது பிஸ்டியா மட்டும்.

இனி வேலி. முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் ஒரு முழு நீளம் வாங்குங்கள், இருபது அடி வரும். நாலடியில் இரண்டு துண்டு, மூன்றடியில் இரண்டு துண்டு அறுத்து, நான்கு எல்போ போட்டுச் சட்டம் ஆக்குங்கள். பன்னிரண்டு சதுர அடி. என் தொட்டியின் நாற்பது சதுர அடியில் இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மூட்டுகளில் பசையைத் தாராளமாகத் தடவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் மூட்டில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். உள்ளே தண்ணீர் புகுந்த சட்டம் ஒரு வாரத்தில் மூழ்கிவிடும். மிதப்பதற்குத் தெர்மாகோல் கட்டுவது வேண்டாம். அது உதிரும், உதிர்ந்த மணிகளை மீன் விழுங்கும்.

சட்டத்துக்குக் கீழே அரை இஞ்ச் கண்ணுள்ள விறைப்பான பிளாஸ்டிக் வலையைத் தொட்டில் போல ஒன்றரை அடி ஆழத்துக்குத் தொங்கவிடுங்கள். வேர்நுனி வலையைத் தொடாத ஆழம் அது. வலைக்கண் வழியே வேர் வெளியே நீண்டால் மீன் அதையும் கடிக்கும். மெல்லிய நைலான் மீன்வலை வேண்டவே வேண்டாம். தலையை நுழைக்கும் மீனின் செவுள் அதில் மாட்டிக்கொள்ளும். கேபிள் டையால் கட்டும்போது வெட்டிய முனைகள் மேல்நோக்கி இருக்கட்டும். கூர்முனை மீனின் உடம்பைக் கீறிவிடும். கடைசியாக, சட்டத்தின் இரண்டு மூலைகளில் கயிறு கட்டி, மறுமுனையைத் தொட்டிச் சுவரில் முடியுங்கள். தண்ணீர் ஏறி இறங்க ஒரு சாண் தளர்ச்சி விடுங்கள். பம்பு கொட்டும் இடத்திலிருந்து சட்டம் தள்ளியே நிற்கட்டும். ஓயாமல் தெறிக்கும் தண்ணீரில் பிஸ்டியாவின் நடுக்குருத்து அழுகும்.

புதிதாக வாங்கிய செடியை நேராகத் தொட்டியில் விடாமல் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்திருங்கள். நத்தை முட்டையும், மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும் தட்டானின் இளம்புழுவும் வேரோடு வரும். இலையில் அசுவினி கண்டால் செடியைத் தண்ணீருக்குள் அமுக்கி அலசுங்கள், மிதந்து வரும் பூச்சிகளை மீன் பார்த்துக்கொள்ளும். பூச்சிமருந்துப் புட்டியைத் தொட்டி அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். வீட்டில் கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்து சிறிதளவு கலந்தாலே மீன் சாகும்.

வலை கட்டியதும் ஒரு புதிய பொறுப்பு வருகிறது. பெரிய மீன் நுழைய முடியாத இடத்தில் கொசுப்புழு நிம்மதியாக வளரும். அரை இஞ்ச் கண் என்று சொன்னதற்கு அதுவும் காரணம். கோயைத் தடுக்கும் அந்த வலைக்குள் கப்பி மீன் தாராளமாகப் போய்வரும். ஆனால் கப்பியாலும் சமாளிக்க முடியாத ஒரு கொசு உண்டு. மான்சோனியா வகைக் கொசுவின் புழு மூச்சுவிட மேலே வருவதில்லை. பிஸ்டியா, வெங்காயத்தாமரை ஆகியவற்றின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே ஒட்டியிருக்கும். கேரளத்தின் சேர்த்தலை வட்டாரத்தில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்தக் கொசுதான். புதுச்சேரியில் உள்ள கொசுவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980-களில் அங்கே மேற்கொண்ட பணியில், வீட்டுக் குளங்களின் செடிகளை அகற்றச் செய்து, அந்த இடத்தில் மீன் வளர்க்க மக்களை ஊக்குவித்தது. செடி போனதும் புழுவுக்கு மூச்சு போயிற்று, மீனால் வீட்டுக்கு வருமானமும் ஆயிற்று. நோய்க்கு எதிராகக் குளத்தையே நிறுத்திய அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: செடி வளர்ப்பவன் வாராவாரம் வேரைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் சட்டத்துக்குள் கைவிட்டு மூன்றில் ஒரு பங்குச் செடியை எடுத்துவிடுகிறேன். மஞ்சளித்தது, மூத்தது, அழுகியது முதலில். மிச்சச் செடியின் வேரைத் தனி வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை மண்ணில் கொட்டுகிறேன். இப்படிச் செடி கழிப்பதுதான் தொட்டியின் உண்மையான துப்புரவு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் செடி உண்டு உடம்பாக்கி வைத்திருக்கிறது. செடியை வெளியே எடுத்தால் கழிவு வெளியே போகும். உள்ளேயே அழுகவிட்டால் தின்றதெல்லாம் தண்ணீருக்கே திரும்பும்.

கடைசி வேலி தொட்டிக்கு வெளியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நிரம்பி வழியும்போது ஒரு சிறு கன்று தப்பினாலும் அது வடிகால் வழியே ஏரிக்குப் போய்விடும். வெங்காயத்தாமரையின் விதை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சேற்றில் உயிரோடு கிடக்கும். அமேசான் படுகையில் பிறந்து, பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்ட செடி அது. அதை ஒழிக்க வங்காளத்தில் 1936-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நான் அதை வளர்ப்பதை விட்டதற்கு இதுவே காரணம். பிஸ்டியாவும் தப்பினால் ஏரியில் பரவக்கூடியதே. அதனால் வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் தினமும் அதில் சேரும் குப்பையை வாரிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வேறு வழி பார்க்கும்.

இந்தத் தொடரைப் படித்துக் குளம் வைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கழித்த செடியை ஓடையிலோ குளத்திலோ போடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். உங்கள் தொட்டியில் பிறந்த செடி உங்கள் தோட்டத்து மண்ணிலேயே முடியட்டும்.

(தொடரும்)