பாவு வராத பருவம்

“கோடிக் கணக்குல வாங்கறாங்க மாமா. ரெண்டு மாசம் சம்பளம் நின்னா குடியா முழுகிப் போயிரும்?”

2025 ஆகஸ்டில் ஆட்டையாம்பட்டி கடைவீதியில் முறுக்கு வாங்க நின்றபோது அக்கா மகன் கேட்டது இது. அவன் போட்டிருந்தது சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டை. கையிலிருந்த போனில், அதே கிளப் தன் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்த செய்தி. இத்தனைக்கும் அவன் விசைத்தறி ஓட்டுகிறவன். முந்தின வருஷம் தறிக்குப் பாவு நூல் வராமல் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து, மளிகைக் கடையில் கடன் சொன்னவன்.

விளையாட்டில் சம்பளத் தகராறு வந்தால் எந்த ஊர் ரசிகனும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பதில் சொல்லுமுன் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. பேச்சு 700 கோடி ரூபாய். அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. தொடரை நடத்தியது ரிலையன்ஸ் சார்ந்த எஃப்.எஸ்.டி.எல். என்ற நிறுவனம். ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8. பருவமோ செப்டம்பர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை ஓடுவது. பாதி வழியில் உரிமை காலாவதியாகும் தொடரை எப்படி நடத்துவது என்று சொல்லி, ஜூலை 11-ல் எஃப்.எஸ்.டி.எல். அதை நிறுத்திவைத்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமென்றால், சம்மேளனத்தின் சாசனம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது.

தொடர் இல்லையென்றால் டிக்கெட் பணம் இல்லை, விளம்பரப் பணம் இல்லை, ஒளிபரப்புப் பங்கும் இல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் காலவரையின்றிச் சம்பளத்தை நிறுத்தியது. அடுத்து சென்னையின் எஃப்.சி.யும். அக்டோபரில் புதிய வணிகக் கூட்டாளிக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-ல் கெடு முடிந்தபோது கேட்க ஒருவரும் வரவில்லை.

இதில் ஆட்டக்காரன் எங்கே வருகிறான்? எங்கேயும் வரவில்லை. அவன் சம்பள உயர்வு கேட்கவில்லை, ஆட மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தியக் கால்பந்தின் நட்சத்திரம் சுனில் சேத்ரி உட்பட எல்லோரும் கேட்டது களத்தில் இறங்க ஒரு தேதி. தொழில் தகராறில் இரண்டு சொற்கள் உண்டு: வேலைநிறுத்தம், கதவடைப்பு. தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டால் முன்னது, முதலாளி கதவைச் சாத்தினால் பின்னது. நம் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. யாரும் யாரோடும் சண்டை போடாமலே, பாவு வராமல் தறி நிற்பது. கூலிக்கு நெய்கிறவனுக்குப் பாவும் ஊடையும் கொடுக்கிறவர் மேலே எவரோடோ பேசி முடிக்கவில்லை. கீழே தறி ஓசை அடங்கிவிடுகிறது. 2025-ல் இந்தியக் கால்பந்துக்கு நடந்தது அந்த மூன்றாவது வகை. இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்ச நேரம் முறுக்கை மட்டும் கடித்துக்கொண்டிருந்தான்.

சரி, அப்படியென்றால் ரசிகன் ஏன் ஆட்டக்காரனைத் திட்டுகிறான்? கண்ணில் படுகிறவன் அவன் ஒருவன்தான் என்பது முதல் காரணம். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு யாருக்கு எவ்வளவு தருகிறது என்பது நமக்குத் தெரியாது. ஆட்டக்காரனின் முகம் தெரியும், கார் தெரியும், பத்திரிகை போடும் தொகை தெரியும். கிளப் முதலாளி நஷ்டம் என்றால் நம்புகிறோம், ஆட்டக்காரன் பாக்கி என்றால் ‘இவனுக்கென்ன குறை’ என்கிறோம். கூடவே ஒரு பொறாமையும் உண்டு. நாம் காசு கொடுத்து ஆட விரும்புவதை அவன் காசு வாங்கி ஆடுகிறான். விளையாட்டை வேலையென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

இந்த வாதம் பழையது. இங்கிலாந்தில் 1961 வரை கால்பந்து வீரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தாலும் கூலி ஏறாது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, ஒரு கூட்டத்தில் இளம் வீரர் ஒருவர் எழுந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் தன் அப்பாவைவிடத் தான் நன்றாகவே சம்பாதிப்பதாகவும், போராட்டம் எதற்கு என்றும் கேட்டார். போல்டன் அணியின் டாமி பேங்க்ஸ் பதில் சொன்னார். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். கரி வெட்டுவதைப் பார்க்க முப்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வருவதில்லை, நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸை மறித்து ஆடுவதைப் பார்க்க வருகிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். சுரங்கத்தொழிலாளியை மட்டம் தட்டிய பேச்சாக நான் இதை எடுக்கவில்லை. வாசலில் வசூலாகும் பணம் யார் உழைப்பைப் பார்க்க வந்த பணம் என்று கேட்ட கணக்கு அது. அந்த ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது.

அமெரிக்கக் கால்பந்து வேறு விளையாட்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் ரசிகரைப் பற்றி அங்கே ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. 1987-ல் அங்கே வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை அவர்கள் கோரிக்கை. முதலாளிகள் கிடைத்தவர்களைப் பிடித்து, அதே சட்டையை மாட்டி, மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். சில ஊர்களில் கூட்டம் வந்தது. ஃபிலடெல்ஃபியா தொழிற்சங்கங்கள் ஊறிய ஊர். அங்கே லாரி ஓட்டுநர் சங்கத்தார் அரங்க வாசலில் மறித்து நின்றார்கள். அக்டோபர் 4 அன்று நடந்த ஆட்டத்துக்கு உள்ளே வந்தவர்கள் 4,074 பேர். அறுபதாயிரத்துக்கு மேல் உட்காரும் அரங்கம் அது. வேலைநிறுத்தம் தோற்றது. கேட்ட உரிமை நீதிமன்றங்கள் ஏறி இறங்கி 1993-ல்தான் வந்தது. ஆனாலும் அந்த 4,074 என்ற எண் எனக்குப் பிடிக்கும். சட்டைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த ரசிகர்கள் அவர்கள்.

கோடிக் கணக்கு என்ற பேச்சுக்கு வருவோம். நட்சத்திரங்கள் சிலருக்கு அது உண்மை. கிளப் என்பது பதினொரு பேர் மட்டுமில்லை. 2025 ஜூலையில் சேத்ரி எழுதிய பதிவில், தன் போனுக்கு வந்து குவிந்த செய்திகளைப் பற்றிச் சொன்னார். அனுப்பியவர்களில் பிசியோதெரபிஸ்ட், மசாஜ் செய்கிறவர் எல்லாம் இருந்தார்கள். அவருடைய கிளப்பில் மட்டுமல்ல, மற்றக் கிளப்புகளிலிருந்தும். பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தம் போட்ட பையனும், சட்டை துவைத்து அடுக்குகிறவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆட்டக்காரனின் தொழில் ஆயுசும் குறைவு. முப்பத்தைந்தைத் தாண்டி ஓடுகிறவர்கள் சிலரே. ஒரு பருவம் போனால் போனதுதான்.

சட்டம் துணைக்கு வராதா என்றால், வரும். சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி இருக்கிறது. நியாயமின்றி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறலாம். விதி நல்ல விதிதான். நாட்டின் முதல் நிலைத் தொடரே நின்று கிடக்கும்போது வெளியேறி எங்கே போவது? வெளிநாட்டு வீரர்களுக்கு வழி இருந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன் அட்ரியன் லூனா 2026 ஜனவரியில் இந்தோனேசிய கிளப் ஒன்றுக்கு இரவலாகப் போனார். நம் பையன்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது.

ரசிகரால் என்ன முடியும் என்று மருமகன் கேட்டான். கொஞ்சம் முடியும். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என வென்றபோது பார்த்தவர்கள் 2,569 பேர். சேத்ரி வீடியோவில் கைகூப்பிக் கேட்டார், அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்தது. 2025 ஜனவரியில் கேரளாவின் ‘மஞ்ஞப்பட’ ரசிகர் குழு, அணி மோசமாகப் போனதற்கு நிர்வாகத்தைக் குற்றம் சொல்லிப் போராட்டத்தில் இறங்கியது. வீரர்களைத் திட்டாமல் நாற்காலியில் இருப்பவர்களைக் கேட்டார்கள். சம்பள விவகாரம் இல்லைதான் அது. ஆனாலும் கோபத்தை எந்தத் திசையில் வீசுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெறுமனே ‘கால்பந்தைக் காப்பாற்றுங்கள்’ என்று கத்துவது பயன்படாது என்பது என் எண்ணம். கால்பந்து ஒன்றும் ஆகிவிடாது, சம்பளம்தான் வர வேண்டும். எந்தக் கிளப்பில் எத்தனை மாதப் பாக்கி, துணை ஊழியருக்குக் கொடுத்தார்களா என்று கேட்கிற ரசிகனுக்குத்தான் நிர்வாகம் பயப்படும்.

2026 ஜனவரித் தொடக்கத்தில் சேத்ரி, குர்ப்ரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் முதலான வீரர்கள் ஃபிஃபாவே தலையிட வேண்டும் என்று வீடியோவில் கேட்டார்கள். ஜனவரி 6-ல் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14-ல் தொடர் தொடங்கும் என்றார். 14 அணிகள், 91 ஆட்டங்கள். முந்தைய பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் 24 ஆட்டம், இப்போது 13. ஆட்டம் குறைந்ததால் சம்பளத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கிளப்புகள் கேட்கத் தொடங்கின.

அந்தச் செய்தியை மருமகனே எனக்கு அனுப்பினான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: “கஜம் கம்மியானா கூலி கம்மி, சரி மாமா. ஆனா தறிய நிறுத்துனது யாரு?”