ஆயிரம் வீடுகளுக்கு ஒரு கடிதம்

கடிதம் எழுதுவது ஒரு கலை என்பர் பெரியோர். ஒருவருக்கு எழுதும் கடிதத்துக்கே அது பொருந்துமாயின், ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோருக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி என்ன சொல்வது! அது கலை மாத்திரமன்று, பெரியதொரு பொறுப்பு, சில வேளைகளில் ஒரு சோதனையுங்கூட.

களுபோவிலையில், போதனா வைத்தியசாலைக்குச் சற்று அப்பாலுள்ள ஒரு வீட்டின் முன் விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் சிலர் கூடுகின்றோம். நாம் வடபகுதிப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர்கள். எம்முடன் படித்தோருள் சிலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்றனர். சிலர் ஊரிலேயே இருக்கின்றனர். எஞ்சியோர் இலண்டன், ரொறொன்ரோ, சிட்னி, ஒஸ்லோ எனத் திக்கெங்கும் பரந்துள்ளனர். இவர்கள் எல்லோருக்கும் ஊர்ச் செய்தியையும் பாடசாலைச் செய்தியையும் தாங்கிய மின்னஞ்சல் மடல் ஒன்று வாரந்தோறும் இவ்விறாந்தையிலிருந்தே புறப்படுகின்றது. மேசையிலுள்ள தேநீர் ஆறுவதற்குள் அது உலகைச் சுற்றிவிடும்.

இது மிக எளிய காரியம் என்றே நாமும் ஆரம்பத்தில் எண்ணியிருந்தோம். எழுதுவது, பொத்தானை அழுத்துவது, அவ்வளவுதானே! அவ்வெண்ணம் பிழையென்பதை இரண்டு அனுபவங்கள் எமக்கு உணர்த்தின. அவற்றைக் கூறுமுன், இம்முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

தோன்றிய வரலாறு

1971ஆம் ஆண்டில் ரே ரொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், வலைப்பின்னல் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். பெறுபவரின் பெயரையும் அவருடைய கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டுவதற்கு, தட்டச்சுப் பலகையில் அதிகம் பயன்படாதிருந்த ஒரு சுழிக் குறியை அவர் தெரிந்தெடுத்தார். இன்று நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த அந்தச் சுழி அவ்வாறு பிறந்ததே. 1975இல், ஒருவர் எழுதுவதைக் குழுவினர் அனைவரும் பெறும் வழக்கம் அதே வலைப்பின்னலில் தொடங்கிவிட்டது.

நன்மை தோன்றும் இடத்தில் தொல்லையும் தோன்றுவது உலக இயல்பு. 1978இல் கணினி விற்பனை நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர், தம் பொருளைப் பற்றிய விளம்பரத்தை ஏறக்குறைய நானூறு பேருக்கு அவர்கள் கேளாமலே அனுப்பிவைத்தார். பெற்றவர்கள் சினந்தனர். இன்று 'ஸ்பாம்' என்று நாம் வெறுக்கும் அழையா விருந்தாளியின் முதல் வருகை அதுவேயெனக் கூறுவர். 1986இல் பாரிஸ் நகரில் மாணவராயிருந்த எரிக் தோமஸ் என்பவர், குழுவிற் சேர்வதையும் விலகுவதையும் கணினியே கவனித்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை இயற்றினார். அதற்கு முன்னர் ஒவ்வொரு பெயரையும் ஒருவர் கையாற் சேர்க்கவும் நீக்கவும் வேண்டியிருந்தது.

நம் நாடும் இதிற் பெரிதும் பின்தங்கியிருக்கவில்லை. களுபோவிலையிலிருந்து காலி வீதிக்கு வந்து தெற்கு நோக்கிச் சென்றால் மொறட்டுவையை அடையலாம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1990ஆம் ஆண்டில், பேராசிரியர் அபய இந்துருவ அவர்களின் முயற்சியால் இலங்கைக் கல்வியாளர்களுக்கான மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று. பொதுமக்கள் பணம் செலுத்திப் பெறத்தக்க இணையத் தொடர்பு இந்நாட்டிற்கு வந்தது 1995இலேதான்.

தமிழும் மின்னஞ்சலும்

தமிழர் இவ்வசதியைப் பயன்படுத்திய விதம் பெருமைக்குரியது. 1990களில், சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய 'தமிழ்.நெட்' என்னும் மின்னஞ்சற் குழு, பல நாட்டுத் தமிழரையும் ஒரே முற்றத்தில் கூட்டிவைத்தது. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய 'மதுரைத் திட்டம்', ஒருவரையொருவர் நேரிற் காணாத தொண்டர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களைக் கணினியேற்றியது. ஒருவர் தட்டச்சுச் செய்வார். வேறொரு நாட்டில் இருப்பவர் பிழை திருத்துவார். இடையே ஓடித்திரிந்த தபாற்காரன் மின்னஞ்சலே. நம் நாட்டில் 2005இல் தோன்றி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணி வரும் 'நூலகம்' திட்டமும் இத்தகைய கூட்டுழைப்பின் கனியே.

அக்காலத்தவர் பட்ட இடர் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. தமிழெழுத்துக்கு எல்லோரும் ஒப்பிய ஒரு குறியீடு அன்று புழக்கத்தில் இருக்கவில்லை. இங்கே 'பாமினி' எழுத்துருவில் அழகாக எழுதி அனுப்பிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். தாய் எழுதிய கடிதத்தை மகன் படிக்க முடியாது திகைத்த வீடுகள் பல. 1991இல் வெளிவந்த யுனிகோட் முறையில் தமிழ் இடம்பெற்றிருந்தும், சாதாரண கணினிகள் அதனைச் செவ்வனே காட்டுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. இன்று அக்கவலை இல்லை. வேறு கவலைகள் உண்டு.

முதற் பாடம்

எமது மடல் தொடங்கிய புதிதில் நேர்ந்தது இது. ஒருநாள் அவசரத்தில், உறுப்பினர்களுள் ஒரு தொகுதியினரின் முகவரிகளை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கட்டத்தில் இட்டு மடலை அனுப்பிவிட்டோம். பிழை முற்றிலும் எம்முடையதே.

முற்காலக் கந்தோர்களிற் கரிய காபன் தாளை இடையில் வைத்துக் கடிதத்துக்குப் பிரதி எடுப்பார்கள். மின்னஞ்சலிற் காணும் 'சீ.சீ.' என்பது அந்தக் காபன் பிரதியே. அதனைப் பெறுவோர் யாவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 'பீ.சீ.சீ.' என்பதோ மறைபிரதி. ஒருவருடைய முகவரியை மற்றவர் அறியார். இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஓர் எழுத்து. அந்த ஓரெழுத்தை நாம் தவறவிட்டோம்.

அன்றிரவே வெள்ளவத்தையிலிருந்து மூத்த மாணவியான அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, முகவரியை நான் உங்களுக்கல்லோ தந்தனான், ஊர் முழுவதுக்குமோ தந்தனான்?" என்று கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. மறுநாள் வெளிநாடொன்றிலிருந்து வேறொருவரின் கடிதம் வந்தது. 'என் பெயரை நீக்கிவிடுங்கள்' என்ற ஒரே வரி. காரணம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்ட எம்மவருட் சிலருக்கு, தாம் இருக்குமிடம் பிறருக்குத் தெரியாதிருப்பதே பாதுகாப்பாக இருந்தது என்பதை நாம் அறியாதவர்களல்லர். அறிந்திருந்தும் கவனியாது விட்டோம் என்பதே எம்மை வருத்தியது.

அவர் பெயரை அன்றே நீக்கினோம். எல்லோரிடமும் மன்னிப்பும் கேட்டோம். ஆனால் அனுப்பிய மின்னஞ்சலைத் திருப்பி அழைக்க முடியாது. எய்த அம்பு எய்ததே. அன்றுமுதல் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதியாக அனுப்பும் செய்திமடற் சேவையொன்றையே பயன்படுத்துகின்றோம். பெயர்ப்பட்டியலைத் திறக்கும் உரிமையை இருவருக்கு மாத்திரம் வைத்திருக்கின்றோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. ஆனால் சட்டம் சொல்வதற்கு முன்னரே அந்த அக்கா எமக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் பாடம்

எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் காலமானார். செய்தி கிடைத்ததும் மரண அறிவித்தலை மடலாக அனுப்பினோம். எல்லோரும் அறிந்திருப்பர் என்று நம்பியிருந்தோம். பல வாரங்கள் கழித்து ரொறொன்ரோவிலிருந்து ஒரு நண்பர் அழைத்தார். அவர் அந்த ஆசிரியரின் வீட்டிலே தங்கிப் படித்தவர். "அந்தியேட்டியும் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியும். ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டபோது அவர் குரல் தளுதளுத்தது. எமது மடல் அவருடைய ஸ்பாம் பெட்டியிற் கிடந்தது. விசாரித்தபோது அவருக்கு நேர்ந்ததே மேலும் பலருக்கும் நேர்ந்திருந்தது.

காரணம் என்ன? தபாற் கந்தோரில் முத்திரையின்றி, அனுப்பியவர் யாரென்று தெரியாத கடிதக் கட்டொன்று வந்தால் அதிகாரி சந்தேகப்படுவாரல்லவா? அஞ்சற் கணினிகளும் அவ்வாறே செய்கின்றன. மூன்று சான்றுகளை அவை எதிர்பார்க்கின்றன. முதலாவது எஸ்.பி.எஃப்.; ஒரு நிறுவனத்தின் பெயராற் கடிதம் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அதிகாரமுண்டு என்று பகிரங்கமாக வெளியிடும் பட்டியல் அது. இரண்டாவது டீ.கே.ஐ.எம்.; கடிதம் வழியில் மாற்றப்படவில்லை எனக் காட்டும் அரக்கு முத்திரை போன்றது. மூன்றாவது டீமார்க், முன்னைய இரண்டும் பொருந்தாத கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்று பெறும் கணினிக்கு அனுப்புபவரே கூறிவைக்கும் கட்டளை.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் கூகிள், யாஹூ ஆகிய இரண்டும் பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் அந்த வகையினர் என்பது கூகிளின் கணக்கு. செய்திமடலிலிருந்து ஒரே அழுத்தில் விலகும் வசதி இருத்தல் வேண்டும். விலகக் கேட்டவரை இரண்டு நாட்களுக்குள் நீக்குதல் வேண்டும். 'இது ஸ்பாம்' என முறையிடுவோர் தொகை நூற்றுக்கு 0.3 என்ற அளவை எட்டலாகாது. அதாவது ஆயிரம் பேரில் மூவர் முகஞ்சுளித்தாலே போதும், ஏனைய 997 பேருக்கும் கடிதம் சேராது போகக்கூடும். எமது மடல் அத்தனை பெரிதன்று. ஆயினும் சிறியோரும் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு அதுவென உணர்ந்து, எமக்கெனப் பெயர் பதிந்து, மூன்று சான்றுகளையும் பெற்றோம்.

நாம் கைக்கொள்ளும் முறைகள்

இதனால் விலக விரும்புவோரைத் தடுப்பது பேதைமை என்பது விளங்கும். விலகும் வழி தெரியாதவர் ஸ்பாம் என்னும் பொத்தானை அழுத்துவார். வாசலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டிற்கே விருந்தினர் மனமுவந்து வருவர். புதிதாகச் சேர்பவருக்கும் முதலில் ஓர் உறுதிக் கடிதம் அனுப்பி, 'ஆம், விரும்புகிறேன்' என்று அவரே அழுத்திய பின்னரே பெயரைப் பதிகின்றோம்.

காலந்தவறாமை அடுத்தது. ஞாயிறு மாலை 6 மணி எம்முடைய நேரம். மார்கழியில் அவ்வேளை இலண்டனிற் பகல் 12.30, ரொறொன்ரோவிற் காலை 7.30, சிட்னியில் இரவு 11.30. சிட்னி நண்பர் மறுநாட் காலை புகைவண்டியில் அதை வாசிப்பதாகக் கூறுகின்றார். கூட்டம் நடைபெறும் நேரத்தை எழுதும்போது எந்நாட்டு நேரம் என்று குறியாதுவிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள்; இதுவும் பட்டறிந்த பாடமே.

தலைப்பில் உள்ளது உள்ளேயும் இருத்தல் வேண்டும். ஆவலைத் தூண்டப் பொய்த்தலைப்பு இடுபவர் ஒருமுறை வெல்வார். பின்னர் எந்நாளும் தோற்பார். பெரிய புகைப்படங்களைக் கடிதத்துடன் பொதிந்து அனுப்புவதில்லை. மரண அறிவித்தலை ஞாயிறுவரை காத்திராமல் உடனே அனுப்புகின்றோம். ஆனால் அதற்கு முன் குடும்பத்தார் ஒருவருடன் பேசிப் பெயரையும் திகதியையும் சரிபார்க்கின்றோம். அதன் பின்னும் மின்னஞ்சலை மாத்திரம் நம்புவதில்லை; நெருங்கியவர்களுக்குத் தொலைபேசியிலும் கூறுகின்றோம்.

திரும்பி வரும் கடிதங்கள்

மடல் சென்ற சில நிமிடங்களில், சேராத கடிதங்கள் திரும்பி வருகின்றன. 'இம்முகவரி இல்லை' என்ற குறிப்புடன் வருபவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குதல் வேண்டும். இல்லாத முகவரிகளுக்கே அனுப்பிக்கொண்டிருப்பவரை அஞ்சற் கணினிகள் நம்புவதில்லை. ஆனால் நாம் அவற்றை உடனே நீக்கிவிடுவதில்லை. விறாந்தையில் நீலமட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது. திரும்பி வந்த பெயர் ஒவ்வொன்றையும் அதில் எழுதி, அவருடன் படித்தவர் யாரென்று தேடி, ஒரு தடவை விசாரிக்கின்றோம். பெரும்பாலும் அவர் வேலை மாறியிருப்பார். புதிய முகவரி கிடைக்கும். ஒருவர் நோயுற்றுக் கிடந்ததை அறிந்தோம். சிலர் இவ்வுலகில் இல்லை என்பதையும் அவ்வாறே அறிந்தோம். கணினிக்கு அது பயனற்ற முகவரி. எமக்கு அவர் இரண்டாம் வாங்கில் இருந்தவர்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் சங்கம் அமைப்பீர்கள்; ஆயிரக்கணக்கானோருக்கு எழுதுவீர்கள். கருவிகள் இன்னும் எளிதாகும். பொத்தானை அழுத்துமுன் பட்டியலில் ஒரு பெயரையேனும் வாசித்து, அம்முகத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு எழுதினாலும் படிப்பவர் எப்போதும் ஒருவரே.

பெயரை நீக்கச் சொன்ன அந்த நண்பர் மீண்டும் சேரவில்லை. அவர் பெயரை நாம் கொப்பியிலும் எழுதவில்லை. அவர் எம்மிடம் கேட்டது அதைத்தானே!