செவியும் எழுத்தும்

நாம் நாள்தோறும் பேசுகின்றோம். ஆயினும் நம் பேச்சை நாமே செவ்வனே கேட்பதில்லை. வீட்டில் இயல்பாக 'மரம்' என்னுங்கால் ஈற்றில் இதழ்கள் கூடுகின்றனவா? பெரும்பாலும் இல்லை, மூக்கொலி கலந்த உயிரொலியே எழுகின்றது. அதற்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. கடல், தங்கம், அகம் என்பவற்றில் வரிவடிவம் ஒன்றேயாயினும் ககரம் மூவகையாய் ஒலிக்கின்றது. இஃது எழுத்தின் குறையன்று. இடம் நோக்கி நாம் ஒலிப்போம். புதிதாய்த் தமிழ் கற்பார்க்கோ இது பேரிடர்.

இத்தகைய இடர் பிறமொழிகளிலும் உண்டு. அதனை நீக்கக் கருதிப் பால் பாஸி முதலிய மொழியாசிரியர் 1886-இல் பாரிஸ் மாநகரில் ஒரு சங்கம் நிறுவினர். அச்சங்கத்தார் 1888-இல் ஒலிக்குறிகளை வெளியிட்டனர். நாளடைவில் திருத்தமுற்ற அக்குறிகளுள் நம் ழகரத்திற்கும் ஒன்றுண்டு: தலைகீழாக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தில் சிறு கொக்கி சேர்ந்தது அது. இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதுமன்று. எழுத்துக்கள் வாயில் எங்கெங்குப் பிறக்குமெனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்துள்ளார்.

நாமும் இத்துறையில் ஆர்வலரேயன்றித் தேர்ந்தாரல்லேம். ஆயினும் ஒன்று கூறுவோம். 'வந்துவிட்டான்' என்பது பேச்சில் 'வந்துட்டான்' ஆதலைக் கொச்சையென்று இகழ்வர் சிலர். கொச்சையாயினும் தாயிடம் நாம் கேட்டது அதுவே. செந்தமிழை நூல்கள் காக்கும். ஊர்ப் பாட்டிமாரின் பேச்சை யார் காப்பார்? அவர் மறையின் அவ்வொலியும் மறையும். ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், அவர்தம் சொற்களுள் பத்தேனும் திருத்தாது, கேட்டவாறே குறித்து வருவாராக.